ஹலால் கடை இல்லாத பாலைவனத்துக்கு என்ன வாங்கிப் போவது?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே ஊரைப் பற்றியவை: கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்கா. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உப்புத் தரை, அதை அணைத்தாற்போல் 3,300 மீட்டருக்கு மேல் உயரும் பனிமலை, நடுவில் மணல்மேடுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் தம்பி குடும்பத்தோடு நானும் போய் வந்தேன். அதனால் இந்தப் பதில்களில் பாதி சட்டம், பாதி பட்டறிவு.

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் இரு பிள்ளைகளும் போகலாம் என்றிருக்கிறோம். ஜார்ஜ்டவுனில் ஒரு பயண முகவர் லாஸ் வேகாஸ், டெத் வேலி, சயன், கிராண்ட் கேன்யன் எல்லாம் சேர்த்து 'முழு ஹலால் பயணம்' என்று பிரசுரம் கொடுத்தார். தலைக்கு 2,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
வாசகர், பாயான் பாரு

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள், ஐயா. முதலில் அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். மலேசியாவின் 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயணத் திட்டம் விற்பவர் சுற்றுலா அமைச்சான மோத்தாக்கின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தில் உள்ள நிறுவனப் பெயரும் நீங்கள் பணம் போடப்போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். "மச்சான் கணக்கில் போடுங்க, அதே தான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து அந்த 'முழு ஹலால்'. நம் நாட்டில் ஓர் உணவை ஹலால் என்று சொல்லி விற்பதற்கு 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் ஆணை இருக்கிறது. அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநிலச் சமய மன்றமோ ஜாக்கிம் ஏற்ற வெளிநாட்டு அமைப்போ சான்று தந்திருக்க வேண்டும். அந்தச் சான்று உணவுக்கும் அது தயாராகும் இடத்துக்கும்தான். பிரசுரத்தில் போட்டுவிட்டால் பதினோரு நாள் பயணம் முழுக்க ஹலால் ஆகிவிடாது. ஆகவே முகவரிடம் 'ஹலாலா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். 'டெத் வேலியில் தங்கும் இரண்டு நாளும் பகல் சாப்பாடு எங்கே, இராச்சாப்பாடு எங்கே, யார் சமைப்பது?' என்று கேளுங்கள். பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில்தான் உணவகம் இருக்கிறது; மூன்றும் பொது உணவகங்கள். அங்கே நாங்கள் சாப்பிட்டது முட்டை, மீன், உருளைக்கிழங்கு. நாசி கண்டார் கனவில் வந்தது. முகவர் லாஸ் வேகாஸின் ஹலால் கடையிலிருந்து சாப்பாடு கட்டி எடுத்து வருவார் என்றால் நல்லதுதான், அதை ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள்.

நுழைவுக் கட்டணத்தையும் கேளுங்கள், இதில் அண்மையில் பெரிய மாற்றம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்களிடம் 11 தேசியப் பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். டெத் வேலி அந்தப் பட்டியலில் இல்லை; அங்கே ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், ரொக்கம் வாங்கமாட்டார்கள், அட்டைதான். ஆனால் சயனும் கிராண்ட் கேன்யனும் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் நால்வர், இரண்டு பூங்கா: கூடுதல் கட்டணம் மட்டும் 800 டாலர். சொந்தமாகக் கார் எடுத்துப் போனால் வெளிநாட்டினருக்கான 250 டாலர் ஆண்டு அட்டை ஒன்று போதும். முகவரின் வேனில் போனால் அந்த அட்டை செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரசுர விலையில் இந்த 800 டாலர் அடங்கியிருக்கிறதா? கிட்டத்தட்ட ஒரு விமான டிக்கெட் காசு, கூச்சப்படாமல் கேளுங்கள். லாஸ் வேகாஸ் ஹோட்டல்களின் 'ரிசார்ட் ஃபீ'யும் அப்படித்தான், அறை வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவும் ஏறும். 2025 மே முதல் மொத்த விலையை முன்னதாகவே காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது, ஆகவே 'எனக்கே தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது. சூதாட்டக்கூடம் இல்லாத ஹோட்டல்கள் அந்த ஊரில் உண்டு. வேண்டும் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கடைசியாக விசா. மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா கட்டாயம். கட்டணம் தலைக்கு 185 டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. நேர்காணலுக்குப் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரவேண்டும். விசா கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் என்று பேசிப்பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பத் தருவார் என்பதை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். வாடகைக் காரில் டெத் வேலிக்கு இரண்டு நாள் அழைத்துப் போகிறேன் என்கிறான். தொழுகை விடமாட்டோம். பாலைவனத்தில் ஒளூவுக்கு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதற்கு) தண்ணீர் கிடைக்குமா? எவ்வளவு வாங்கிக்கொள்ள வேண்டும்? விளையாட்டாகக் கேட்கவில்லை.
வாசகி, செந்தூல்

பதில்: அக்கா, ஐந்து கடிதங்களில் இதுதான் உருப்படியான கேள்வி. குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. ஒளூ அதற்கு மேல். நபிகள் ஒரு 'முத்து' (இரு கை சேர்த்து அள்ளும் அரபு அளவை) தண்ணீரில் ஒளூ செய்தார்கள் என்பது ஹதீஸ். அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு ஒளூ செய்து பழகிய நம் கைக்கு முதலில் அது வராது. வீட்டிலேயே ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் செய்து பழகிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் பழகினேன். பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுபவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஒளூ போதும், சுமார் 2 லிட்டர். ஹனஃபி மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) சேர்த்துத் தொழுவதில்லை, அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஆக ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் என்று வையுங்கள்; மூன்று பேர், இரண்டு நாள் என்றால் 36 லிட்டர்.

அவ்வளவையும் பாட்டிலாக வாங்கி அடுக்க வேண்டாம். லாஸ் வேகாஸிலிருந்து ஃபர்னஸ் கிரீக் இரண்டு மணி நேரப் பயணம், வழியில் பாரம்ப் என்ற ஊரில் பெரிய வால்மார்ட் இருக்கிறது. அங்கே ஐந்தாறு கேலன் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் அந்த ஊரிலேயே நிரப்புங்கள், பூங்காவுக்குள் விலை கண்ணைக் கட்டும். ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் குடிநீர்க் குழாய் உண்டு, காசில்லை. காலிக் கேனை அங்கே நிரப்பிக்கொள்ளலாம். நாங்கள் இது தெரியாமல் முதல் நாள் இரண்டு பெட்டி பாட்டில் வாங்கி, திரும்பும்போது பாதியை ஹோட்டலில் விட்டு வந்தோம்.

தண்ணீருக்குப் பதில் மண்ணால் தயம்மும் செய்துகொள்ளலாமே என்பார்கள். காரில் போதிய தண்ணீர் இருக்கும்போது அந்தச் சலுகை இல்லை. குடிக்கத்தான் காணும் என்ற நிலை வந்தால் உண்டு. ஒன்று கவனியுங்கள்: பூங்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டரில் பரந்து கிடக்கும் வெள்ளை, மண் அல்ல, உப்பு. ஷாஃபி மத்ஹபில் தூசியுள்ள மண் வேண்டும்.

தண்ணீரை மிச்சப்படுத்த ஒரு பொருள் வாங்கலாம். கணுக்காலை மூடும் நடைக் காலணி. ஒளூவோடு போட்டுக்கொண்டால், பயணி மூன்று நாள் மூன்று இரவு வரை காலைக் கழுவாமல் அதன் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்பது சலுகை. நிபந்தனைகள் உண்டு, உங்கள் உஸ்தாதிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பயனீட்டாளர் பக்கம் எழுதுபவள், ஃபத்வா கொடுப்பவள் அல்ல. என் வேலை அதை எங்கே வாங்குவது என்று சொல்வது: இங்கேயே வாங்குங்கள். பன்றித்தோல் கலந்த பொருளுக்கு அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் 2013-இல் ஆணை வந்தது. அமெரிக்க அவுட்லெட் கடையில் 'லெதர்' என்று மட்டும் போட்டிருக்கும், உள்துணி எந்தத் தோல் என்று யாருக்கும் தெரியாது. புள்ளிகள் மும்மூன்றாகக் கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் பன்றித்தோல்.

தொழும் திசையான கிப்லா நம் ஊரில் மேற்குக்குச் சற்று வடக்கே. அங்கே வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 25 பாகை. பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசிக்கு லைன் இல்லை. ஆகவே தொழுகை நேரங்களை லாஸ் வேகாஸிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலரை வாக்கில் மஃரிப் வந்துவிடும். மேற்கே பானமின்ட் மலைத்தொடர் சுவர்போல் நிற்பதால் சூரியன் அதற்கு முன்பே கண்ணுக்கு மறைந்துவிடும். அதைப் பார்த்து மஃரிப் ஆகிவிட்டது என்று தக்பீர் கட்டிவிடாதீர்கள். எழுதி வைத்த நேரத்தைப் பாருங்கள்.

மகனிடம் வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தார் போடாத பாதையில் ஓட்டினால் காப்புறுதி செல்லாது என்று அநேகமாக ஒரு வரி இருக்கும். டெத் வேலியில் அழகான இடங்களில் பாதி மண்பாதையில்தான். டயர் கிழிந்தால் இழுவை வண்டிக்கு ஆயிரக்கணக்கான டாலர் போய்விடும். அத்தாவும் ஓட்டப்போகிறார் என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்து, ஓட்டுநர் உரிமத்தை அட்டையாகவே கொண்டுபோகட்டும். கைப்பேசியில் காட்டும் நம் உரிமத்தை வாடகைக் கார் முகப்பில் ஏற்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

போகும் மாதமும் முக்கியம். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 47 பாகை. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 பாகை இன்னும் உலகச் சாதனையாக இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை இதமான காலம். ஆனால் இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். 2027-இல் ரமலான் பிப்ரவரி தொடக்கத்தில் வருவதால் அப்போதைய மலிவு டிக்கெட்டைப் பார்த்துத் தாவிவிடாதீர்கள். நோன்புச் சலுகை பயணிக்கு உண்டு, விட்டதைப் பிறகு நோற்கும் களாவும் உண்டு.

கேள்வி: மாட்டிறைச்சி செருண்டிங், பாக்கெட் ரெண்டாங், கோழிச்சுவை மீ எல்லாம் இங்கேயே வாங்கிப் போனால் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது என்கிறாள் என் தங்கை. எல்லாவற்றிலும் ஜாக்கிம் முத்திரை இருக்கிறது.
ஆசிரியை, கெப்பாளா பாத்தாஸ்

பதில்: ஜாக்கிம் முத்திரை அமெரிக்கச் சுங்கத்தில் செல்லாது. கால்நடை நோய்த் தடுப்புக்காக மாடு, கோழி கலந்த உணவை நம் நாட்டிலிருந்து உள்ளே விடுவதில்லை. கோழித்தூள் கலந்த மீயும் குப்பைக்குப் போகலாம். கடல் உணவு பரவாயில்லை. நெத்திலிச் சம்பல், டின் மத்தி, மசாலாத்தூள், ஒரு சிறிய அரிசிச் சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், சட்டி அதற்கு ஏற்றதா என்று அடியில் பாருங்கள். எதைக் கொண்டுபோனாலும் 'உணவு இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம்.

அங்கே வாங்கும் பொட்டலங்களில் இஃபாங்கா அமைப்பின் பிறை முத்திரையைத் தேடுங்கள், ஜாக்கிம் ஏற்ற அமைப்பு அது. யூத கோஷர் முத்திரையை ஹலாலுக்குச் சமம் என்று சிலர் வாங்குவார்கள். கோஷரில் மதுவுக்குத் தடையில்லை, பொருள் பட்டியலையும் படியுங்கள்.

கேள்வி: மூவருக்கு 6,000 வெள்ளி முன்பணம் கட்டினேன். விசா மறுக்கப்பட்டது. 'முன்பணம் திரும்பத் தரப்படமாட்டாது' என்று ரசீதில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம். ஒரு காசும் தரமாட்டேன் என்கிறார் முகவர்.
வாசகர், ஸ்தாப்பாக்

பதில்: சின்ன எழுத்து கடைசித் தீர்ப்பு அல்ல. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்றே 2010-இல் ஒரு பகுதி சேர்த்தார்கள். முகவர் உங்களுக்காக உண்மையிலேயே செலவு செய்தது எவ்வளவு என்று ரசீதோடு காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பதினான்கு நாள் கெடு கொடுங்கள். விமான டிக்கெட் எடுத்திருந்தால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி போகும், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றுமே எடுக்காமல் 6,000 வெள்ளியை வைத்துக்கொண்டிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விசா மறுப்புக் கடிதம் மூன்றையும் இன்றைக்கே அச்செடுத்து வையுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: மணல்மேட்டில் படம் எடுக்க டிரோன் வாங்கலாமா? நினைவுக்குக் கொஞ்சம் மணலும் எடுத்து வரவேண்டும்.
கல்லூரி மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோனுக்குத் தடை. 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மணல், கல், செடி எதையும் எடுக்கக் கூடாது. காலணிக்குள் தானாக வந்த மணலை யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு ஷா ஆலம் வரை வந்தது.