டம்ளர் மெழுகுவர்த்திக்கு எந்த மெழுகு?

கேள்வி: பாரஃபின் பாளத்தை உருக்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். நடுவில் குழி விழுந்தது. ஓரம் கண்ணாடியை விட்டு விலகிவிட்டது. சோயா மெழுகுக்கு மாறலாமா? – வாசகி, மதுரை

பதில்: கடையில் பாளமாகக் கிடைப்பது பெரும்பாலும் 58–60 டிகிரியில் உருகும் ரகம். ஆறும்போது நன்றாகச் சுருங்கும்; அதனால்தான் அச்சிலிருந்து லேசாகக் கழன்று வருகிறது. டம்ளரில் அந்தக் குணமே வினை.

தாராளமாக மாறலாம். ஆனால் 'கன்டெய்னர்' ரகம் (டம்ளரிலேயே ஊற்றி எரிப்பதற்கானது) என்று கேட்டு வாங்குங்கள். சோயாவிலும் அச்சு ரகம் உண்டு. கன்டெய்னர் ரகம் 50 டிகிரியை ஒட்டி உருகும், கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். தேங்காய் மெழுகு இதைவிட மென்மை. மதுரை வெயிலுக்கு அதைத் தனியாகப் போடாதீர்கள்.

200 மி.லி. அளவுக்கு 165 கிராம் மெழுகு, 10 கிராம் வாசனை எண்ணெய். கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் 75–80 டிகிரி வரை உருக்கி இறக்குங்கள். 70-ல் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கி, 55–60-ல் ஊற்றுங்கள். மேலே வெள்ளை பூத்தால் கவலை வேண்டாம், சோயாவின் இயல்பு அது.

பழைய திரி அநேகமாக ஒத்துவராது. ஒரு அளவு பருமனாகப் போட்டுப் பாருங்கள். மெலிந்த திரி நடுவில் மட்டும் கிணறு வெட்டியதுபோல் எரிந்து இறங்கும், ஓரத்து மெழுகு அப்படியே நிற்கும். மிச்சப் பாரஃபினை சோயாவோடு 20 சதவீதம் வரை கலந்து தீர்த்துவிடலாம்.