மூர்வெளிச் சாலையில் கடைசியாக வருபவர்

கேள்வி: நான் மதுரைக்காரன். 14 ஆண்டுகளாக லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். ஊரில் ஸ்ப்ளெண்டர் ஓட்டிய பழக்கம் உண்டு. இங்கே சென்ற ஆண்டுதான் முழு உரிமத்துக்கான தேர்வில் தேறி, ஒரு 650 சிசி பைக் வாங்கினேன். ஆகஸ்ட் கடைசி வார விடுமுறையின் 3 நாட்களில் நார்த் யார்க் மூர்ஸ், யார்க்‌ஷயர் டேல்ஸ், பீக் டிஸ்ட்ரிக்ட் ஆகிய 3 தேசியப் பூங்காக்களையும் சுற்றிவர நண்பர்கள் 9 பேர் திட்டமிட்டிருக்கிறோம். ஆளுக்கொரு பைக், ஒருவரிடம் மட்டும் 125 சிசியும் எல் பலகையும். குழுவில் மிக மெதுவாக ஓட்டுபவன் நான். பயிற்சி ஓட்டங்களில் மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்த பிறகே போய்ச் சேருகிறேன். முன்னால் செல்லும் நண்பர், "கொஞ்சம் துணிந்து முறுக்குங்கள், பழகிவிடும்" என்கிறார். மனைவியோ போகவே வேண்டாம் என்கிறார். நான் விலகிக்கொள்வதுதான் நல்லதா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் விலக வேண்டியதில்லை; ஆனால் திட்டம் இப்போது இருக்கும் வடிவில் இருக்குமானால் ஒன்பது பேருமே விலகிக்கொள்வது நல்லது என்பேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் மெதுவான ஓட்டம் அல்ல. நீங்கள் போய்ச் சேரும்போது மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்திருக்கிறார்கள் என்ற அந்த வரிதான். அதாவது வழியில் எந்தத் திருப்பத்திலும் உங்களுக்காக ஒருவரும் நிற்கவில்லை; வழி தவறாமல் வந்து சேரும் பொறுப்பை உங்கள் தலையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பட்டே தெரிந்துகொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு அதே நார்த் யார்க் மூர்ஸில் ஏழு பேர் குழுவில் நான் கடைசியாகச் சென்றேன். கடலிலிருந்து வந்த மூடுபனி மேட்டின் மேல் படர்ந்திருந்தது. ஒரு முச்சந்தியை அடைந்தபோது முன்னால் சென்றவர்களின் சிவப்பு விளக்கு எந்தப் பக்கத்திலும் தெரியவில்லை. இடப்பக்கம்தான் போயிருப்பார்கள் என்று ஊகித்துத் திரும்பி, விட்ட தூரத்தைப் பிடித்துவிடும் அவசரத்தில், எனக்குச் சற்றும் வழக்கமில்லாத வேகத்தில் ஒரு மேட்டை ஏறி இறங்கினேன். இறக்கத்தின் அடியில் கேட்டில் கிரிட் இருந்தது. கால்நடைகள் தாண்டிவிடாதபடி சாலைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, அதன் மேல் இடைவெளி விட்டுப் பதித்திருக்கும் இரும்புக் கம்பி வரிசைக்குத்தான் அந்தப் பெயர். ஈரத்தில் பளபளத்த அந்தக் கம்பிகளைப் பார்த்ததும் கை தானாகப் பிரேக்கை அழுத்தியது; முன்சக்கரம் ஒரு கணம் எனக்குச் சொந்தமில்லாததாகிவிட்டது. விழவில்லை. ஆனால் அப்பால் போய் நிறுத்தியபோது கால் நடுங்கியதில் சைடு ஸ்டாண்டைத் தட்டி இறக்கக்கூட முடியவில்லை. நான் ஊகித்த பக்கமும் தவறு என்பது பிறகு தெரிந்தது.

குழுவாகச் செல்லும்போது கடைசியில் வருபவர் முறுக்குவது வேகத்தின் மீதுள்ள ஆசையால் அல்ல, தொலைந்துபோவோமோ என்ற பயத்தால். முன்னால் இருப்பவர் ஒரு வளைவில் சற்றே வேகம் கூட்டினாலும் அந்த இடைவெளி ஒவ்வொரு பைக்காகப் பெருகிக்கொண்டே வந்து, கடைசி ஆள் அதை ஈடுகட்ட எல்லோரையும்விட வேகமாக ஓட்ட வேண்டியதாகிறது. குழுவில் அனுபவம் குறைந்தவர் பின்னால் இருந்தால், அதிக வேகமும் குறைந்த அனுபவமும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்கின்றன. உங்கள் நண்பர் சொல்லும் துணிச்சல் இந்தக் கணக்கை மாற்றாது. பயத்துக்குக் காரணமான நிலையைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்கு இங்குள்ள பைக் குழுக்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் எளிய முறை ஒன்று உண்டு. முதலில் செல்பவரும் கடைசியில் வருபவரும் மாறுவதில்லை. கடைசி ஆள் தூரத்திலிருந்தே தெரியும் மஞ்சள் மேலங்கி அணிந்திருப்பார். வழி மாறும் ஒவ்வொரு சந்திப்பிலும் முதலாமவர் கையால் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுவார். அவருக்கு அடுத்து இரண்டாவதாக வருபவர் அந்த இடத்தில் பாதுகாப்பாக ஒதுங்கி நின்று, பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் திரும்ப வேண்டிய திசையைக் காட்டுவார். மஞ்சள் மேலங்கி கண்ணில் பட்டதும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அதற்குள் மூன்றாமவர் இரண்டாமவராகியிருப்பார். அடுத்த திருப்பத்தில் நிற்பது அவர் முறை. இதில் மீறக்கூடாத விதி ஒன்றுதான்: நிறுத்தப்பட்டவர், அரை மணி நேரமானாலும், மஞ்சள் மேலங்கி வரும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது. இந்த விதியை ஒன்பது பேரும் புறப்படும் முன் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொண்டால், முன்னால் ஒருவரும் தெரியாதபோதும், அடுத்த திருப்பத்தில் ஓர் ஆள் நிற்பார் என்ற நிச்சயத்தோடு உங்கள் வேகத்தில் நீங்கள் ஓட்டலாம். ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் பேச்சுக் கருவிகள் இருக்கின்றனவே என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். நேர்ச்சாலையில் அவை நன்றாகவே வேலை செய்யும். இடையில் ஒரு குன்று வந்துவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

இனி, 125 சிசி நண்பர். எல் பலகையோடு ஓட்டுபவர் இங்கே மோட்டார்வேயில் நுழையக்கூடாது. பின்னால் ஆளை ஏற்றவும் கூடாது. வடக்கே போகும் ஏ1 சாலையோ பல பகுதிகளில் மோட்டார்வேயாகவே இருக்கிறது. அவரை மட்டும் சுற்றுவழியில் அனுப்பினால் பாதி நாள் தனியாக அலைவார். இந்த ஆண்டு அவர் உங்களில் மிக அனுபவம் உள்ளவரின் பின் இருக்கையில் வரட்டும். பைக்குகள் எட்டாகும், மேலே சொன்ன முறைக்கு எட்டு பொருத்தமான எண். போகிற போக்கில் ஒன்று: நண்பர்களில் யாராவது இந்திய அல்லது இலங்கை உரிமத்தை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தால், இங்கே குடியேறி 12 மாதம் கடந்த பின் அது செல்லாது என்பதை அவருக்கு இப்போதே நினைவூட்டிவிடுங்கள். உரிமம் இல்லையென்றால் காப்பீடும் கைகொடுக்காது.

3 நாளில் 3 பூங்கா என்பது காகிதத்தில் மட்டுமே சாத்தியமான திட்டம். லண்டனிலிருந்து மூர்ஸின் ஓரத்திலுள்ள ஹெல்ம்ஸ்லி வரை மட்டுமே 200 மைலுக்கு மேல். திரும்பும் நாளும் அப்படியே. இடையில் கிடைக்கும் ஒரு முழு நாளில் மூர்ஸையும் டேல்ஸையும் சேர்த்துச் சுற்றினால், சாலையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டீர்கள். டேல்ஸை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸிலிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் ஏறி, 1,732 அடி உயரத்தில் பிரிட்டனிலேயே மிக உயரமான மதுக்கூடம் என்று பெயர் பெற்ற டான் ஹில் வரை போவதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும். பீக் டிஸ்ட்ரிக்டை வழியில் ஒரு கொசுறாகச் சேர்ப்பது, 1951இல் இந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடத்துக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

நார்த் யார்க் மூர்ஸ் ஒன்றே போதும். முதல் நாள் மோட்டார்வேயில் எட்டு பைக்குகளும் ஒன்றாகச் செல்ல வேண்டாம். இரண்டிரண்டு பைக்காகப் போய் தர்ஸ்க் ஊரில் கூடுங்கள். அங்கிருந்து ஏ170 சாலையில் சட்டன் பேங்க் ஏற்றம். நான்கடிக்கு ஓரடி உயரும் சரிவும் கூர்மையான வளைவுகளும் இருப்பதால் கேரவன் இழுக்கும் வண்டிகளுக்கு அங்கே தடை உண்டு. கீழ் கியரில், முன்னவர் வளைவைக் கடந்த பின் ஒவ்வொருவராக ஏறுங்கள். இரவு ஹெல்ம்ஸ்லியில் தங்கலாம். இரண்டாம் நாள் ஹட்டன்-லி-ஹோல் வழியாக பிளேக்கி ரிட்ஜ் மேட்டில் ஏறி, காசில்டன் இறங்கி, விட்பியில் கடலைப் பார்த்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, ஏ169 வழியே பிக்கரிங் வந்து ஹெல்ம்ஸ்லி திரும்புங்கள். மொத்தம் 80 மைல் அளவில்தான் வரும். நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் மேட்டின் மேல் ஐந்து மைலுக்கு ஒருமுறை நிறுத்தத் தோன்றும் என்பதை அங்கே போனதும் ஒப்புக்கொள்வார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஹெதர் பூத்திருக்கும். அடிவானம் வரை மரமே இல்லாமல், கத்தரிப்பூ நிறத்தில் முழங்கால் உயரப் புதர் மட்டுமே விரிந்து கிடக்கும். இங்கிலாந்தில் இவ்வளவு பெரிய தொடர்ச்சியான ஹெதர்வெளி வேறெங்கும் இல்லை. ஏ169இல் ஹோல் ஆஃப் ஹார்கம் என்னும் மாபெரும் பள்ளத்தருகே கட்டாயம் நில்லுங்கள். வேட் என்ற அரக்கன் மனைவியோடு சண்டையிட்டு, அவள் மீது எறிவதற்காக அள்ளிய மண்ணால் வந்த பள்ளம் அது என்று அவ்வூரார் கதை சொல்வார்கள். உங்கள் வீட்டு வாக்குவாதம் அந்த அளவுக்குப் போகவில்லை என்று நம்புகிறேன்.

உங்கள் நண்பர்கள் ஹெல்ம்ஸ்லியிலிருந்து ஸ்டோக்ஸ்லி போகும் பி1257 சாலையைப் பற்றி நிச்சயம் பேசுவார்கள். அருமையான வளைவுகள் உள்ள சாலைதான். பைக் விபத்துகளுக்குப் பெயர் பெற்றதும் அதுதான். உங்கள் குழுவுக்கு அது தேவையில்லை.

இங்குள்ள தேசியப் பூங்கா என்பது முதுமலையைப் போலச் சோதனைச் சாவடியும் வனத்துறைக் காவலும் உள்ள காடு அல்ல. நுழைவுக் கட்டணம் கிடையாது; நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது; உள்ளே ஊர்களும் பண்ணைகளும் இருக்கின்றன. மூர்வெளி என்னும் இந்தத் திறந்த புதர்வெளியில் சாலையோரம் வேலியும் இருக்காது. ஆகவே ஆடுகள் தார்ச்சாலையில் படுத்திருக்கும். நின்றுகொண்டிருக்கும் ஆட்டைவிட, சாலையின் இருபுறமும் பிரிந்து நிற்கும் தாயையும் குட்டியையும்தான் கவனிக்க வேண்டும். பைக் சத்தம் கேட்டதும் குட்டி மறுபுறம் இருக்கும் தாயிடம் ஓடும், பெரும்பாலும் உங்கள் சக்கரத்துக்கு நேர் முன்னால். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை, அது இருக்கும் இடத்தில், மணிக்கு 60 மைல் வரை அனுமதிக்கிறது என்பது உண்மை. அந்த வேகத்தில் முழுதாக நிற்க 73 மீட்டர் வேண்டும் என்கிறது இந்நாட்டுச் சாலை விதிநூல். 40 மைலில் 36 மீட்டர் போதும். மேட்டின் உச்சியில் உங்களுக்கு எத்தனை மீட்டர் தெரிகிறதோ அதற்குள் நிற்கக்கூடிய வேகம்தான் உங்கள் வேகம். ஆட்டின் மீது மோதிவிட்டால் நிற்க வேண்டும், உரியவரிடம் விவரம் தர வேண்டும், முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கம்பளியில் பூசியிருக்கும் வண்ணக்குறி யாருடைய ஆடு என்பதைச் சொல்லும்.

கேட்டில் கிரிட்டை எப்படிக் கடப்பது என்பதை நான் செய்த தவறிலிருந்து தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்: அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வண்டியைச் சாய்க்காமல் நேராக, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சீண்டாமல் உருண்டு போக வேண்டும். கோடையில் புதுச் சல்லி தூவிய சாலைகளும் இருக்கும்; 20 மைல் என்ற தற்காலிகப் பலகை அங்கே வெறும் சம்பிரதாயமல்ல. நிறுத்தும்போது ஓரத்துப் புல்லில் ஏற்றாதீர்கள். அடியில் ஈரத்தைப் பஞ்சுபோல் வைத்திருக்கும் கருமண் இருப்பதால், நீங்கள் படம் எடுத்துத் திரும்புவதற்குள் சைடு ஸ்டாண்டு மெல்லப் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். பழைய டப்பா மூடி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் போடலாம். பெட்ரோலை மிகச் சிறிய டேங்க் உள்ள பைக்கின் கணக்கில் போடுங்கள். பிளேக்கி ரிட்ஜ் மேட்டில் பங்க் கிடையாது.

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் வாக்குவாதம் அல்ல, ஒரு தாள். எந்த ஊர், எந்தச் சாலை, எங்கே இரவுத் தங்கல் என்று எழுதி அவரிடம் கொடுங்கள். சேரும் நேரத்தை மட்டும் ஐந்து மணி என்று எழுதாமல் ஐந்திலிருந்து ஏழுக்குள் என்று எழுதுங்கள். சொன்ன நேரத்தைக் காப்பாற்றும் அவசரம் சாலையில் வேண்டாம். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி சிக்னல் அற்றுப்போகும் என்பதையும், இரண்டு மணி நேரம் பதில் இல்லையென்றால் பதற வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 999 எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் பதிவு செய்துகொண்டால், பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமான இடத்திலும் அவசர உதவியைச் செய்தி மூலம் கேட்கலாம். ஒன்பது பேரும் வீட்டிலிருந்தே அதைச் செய்துவிடலாம்.

மிச்சம் இருப்பது உங்கள் நண்பர். அவரோடு வாதிட்டுப் பயனில்லை. "நீங்கள்தான் குழுவிலேயே நன்றாக ஓட்டுபவர், அதனால் மிகப் பொறுப்பான இடம் உங்களுக்கு" என்று சொல்லி மஞ்சள் மேலங்கியை அவரிடம் கொடுங்கள். அது முகஸ்துதி அல்ல. கடைசியில் வருபவருக்கு உண்மையிலேயே அதிக நிதானம் வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், லண்டனுக்கு வெளியே ஏதேனும் கிராமச் சாலையில் அவர் உங்கள் பின்னாலேயே 50 மைல் வரட்டும். அவர் அதற்கு மறுத்தால், குழுவிலிருந்து விலக வேண்டியவர் யார் என்பதை மற்ற ஏழு பேரும் கூடி முடிவு செய்யட்டும்.