மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பாளையங்கோட்டையில் 22 வருடமாக ஆயில் கடை வைத்திருக்கிறேன். இன்னும் வண்டியில் ஊற்றாத ஆயிலை எப்படி வைப்பது, எத்தனை நாள் தாங்கும் என்பதை மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன்.

கல்லிடைக்குறிச்சி: சீல் பிரிக்காத கேன் எத்தனை வருடம் தாங்கும், அண்ணாச்சி?

பெரும்பாலான கம்பெனிகள் 5 வருடம் என்கின்றன. சில கம்பெனிகள் இன்னும் குறைத்துச் சொல்லும். கணக்கு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. கேனில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்திலிருந்து. சீல் பிரித்துவிட்டால் 1 வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிரித்த தேதியை மார்க்கரால் கேனிலேயே எழுதுங்கள். மிச்சத்தைக் கலர் சோடா பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

அம்பாசமுத்திரம்: பிசான அறுவடைக்காக டிராக்டருக்கு 210 லிட்டர் பேரல் வாங்கினோம். களத்தில் நிற்கிறது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. போதுமா?

போதாது. பேரல் மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியாக வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். பேரலின் மேல்தட்டு விளிம்பு கட்டிய தாம்பாளம் மாதிரி. மழை பெய்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். அந்தத் தண்ணீரைத்தான் இழுக்கும்.

ஒரு கார்த்திகை மாதம் என் கடைப் பின்கட்டிலேயே இப்படி நடந்தது. பம்ப் போட்டு இழுத்தால் ஆயில் டீ நிறத்தில், பால் கலந்த மாதிரி வந்தது. பேரல் முழுக்க வீண்.

கூரைக்குள் கொண்டுபோய்க் கட்டைமேல் படுக்க வையுங்கள். இரண்டு மூடியும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில், ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நிறுத்தித்தான் வைக்க முடியும் என்றால், மூடிப்பக்கம் தண்ணீர் தேங்காதபடி லேசாகச் சாய்த்து வையுங்கள்.

தண்ணீர் சேர்ந்துவிட்டதா என்று சந்தேகமா? சமையலுக்கு ஆகாத பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது.

சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கெடாமல் கிடந்தது, கேனில் 5 வருடத்தில் கெடுமா? வியாபாரத் தந்திரம்தானே?

சார்வாள், பூமிக்கடியில் கிடந்தது கச்சா எண்ணெய். கேனில் இருப்பது அதைச் சுத்தம் செய்து, மருந்து கலந்த சரக்கு. கார் ஆயிலில் நூற்றுக்குப் பத்து இருபது பங்குகூட மருந்துதான்: அழுக்கைக் கரைக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, நுரை வராமலிருக்க ஒன்று. நுரை மருந்து ஆயிலில் கரைவதே இல்லை, பொடித்துளியாக மிதக்கிறது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் பிரிந்துவிடும்.

அவரே: அப்படியானால் குலுக்கி ஊற்றினால் சரியாகிவிடுமே?

நல்ல கேள்வி. 2, 3 வருடக் கேனை ஊற்றுமுன் ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துவதில் தவறில்லை. ஆனால் அடியில் கூழாகப் படிந்துவிட்டால் எத்தனை குலுக்கினாலும் பழையபடி சேராது. அதை வண்டியில் ஊற்றாதீர்கள்.

மேலப்பாளையம்: தேங்காயெண்ணெய் மாதிரி காறிப்போகுமா? நானும் சார்வாள் கட்சிதான்.

அந்த மாதிரிக் காறாது. அந்த அளவுக்கு நீங்கள் இருவரும் சொல்வது சரி. 5 வருடம் முடிந்த மறுநாள் விஷமாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. கம்பெனி பொறுப்பேற்கும் காலம் அது. 500 ரூபாய் ஆயிலை மிச்சம் பிடிக்க இன்ஜினைப் பணயம் வைக்கவேண்டாம், அவ்வளவுதான்.

நாங்குநேரி: பைக்குக்கு ஊற்றி 100 மில்லி மிச்சம். எத்தனை நாள் வைக்கலாம்?

1 வருடம். அதே கேனில்.

வள்ளியூர்: 200 மில்லி மிச்சம்...

தம்பி, 100க்கும் 200க்கும் ஒரே பதில்தான். கலர் பாட்டில் வேண்டாம்.

களக்காடு: கார் ஆயில் மிச்சத்தைப் பைக்கில் ஊற்றலாமா?

கேனில் ஜாஸோ எம்.ஏ. (JASO MA) அல்லது எம்.ஏ.2 (MA2) என்ற பைக் ஆயில் தர முத்திரை இல்லாவிட்டால் வேண்டாம். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, வழுக்கிவிடும்.

ராதாபுரம்: திறந்த பிரேக் ஆயில்?

அது வேறு சரக்கு, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். திறந்து கிடந்ததை மறுபடி ஊற்றாதீர்கள்.

சிந்துபூந்துறை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கேன்கள் இருக்கின்றன, அண்ணாச்சி.

வெளியே சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள். உள்ளே வாயை ஒட்டிய ஃபாயில் முழுசாக இருந்தால் ஆயில் தப்பித்திருக்கும். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்து, தயாரிப்பு மாதமும் 5 வருடத்துக்குள் என்றால் ஊற்றலாம். ஃபாயில் கிழிந்திருந்தாலோ பிரித்து வைத்த கேன் என்றாலோ யோசிக்கவே வேண்டாம், தள்ளிவிடுங்கள். ஆனால் வாய்க்காலில் கொட்டாதீர்கள். பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். பார்த்து முடித்ததும் அந்த டம்ளரை அடுக்களைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

திசையன்விளை: வீட்டுக்காரர் துபாயில். பைக் ஒன்றரை வருடமாக நிற்கிறது. 2 வருடத்துக்கு முன் வாங்கிய சீல் கேன் இருக்கிறது. எது கெட்டது, அண்ணாச்சி?

வண்டிக்குள் கிடப்பதுதான் கெட்டது, தங்கச்சி. ஓடின ஆயிலில் புகையும் ஈரமும் சேர்ந்து புளித்துக் கிடக்கும். அவர் ஊருக்கு வந்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அதை இறக்கச் சொல்லுங்கள். தயாரிப்பு மாதம் 5 வருடத்துக்குள் என்றால் சீல் கேன் நன்றாகத்தான் இருக்கும், அதையே ஊற்றலாம்.