காரணம் தெரியாத சோர்வுக்குப் பணம் கட்டித் தனியாரில் பார்க்க வேண்டுமா?

நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் அசதி நீடித்து, ஏன் என்று புரியாவிட்டால் அதுதான் காரணம் தெரியாத சோர்வு. பல நேரம் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு இவற்றில் ஒன்று பின்னால் இருக்கலாம். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் அது பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

போர்வெல்லில் தண்ணீர் வராவிட்டால் முதலில் கரண்ட் சரியாக வருகிறதா என்றுதானே பார்ப்போம்? எடுத்தவுடன் மோட்டாரை மேலே தூக்க மாட்டோம். அப்படித்தான் இதுவும். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும், சரி. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அதுவும் செலவுதான். அவர் பக்கத்து லேபில் இந்த மூன்றை மட்டும் எடுத்தாலும் தப்பில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கும் ‘முழு உடல் பரிசோதனை’ எடுத்தவுடன் தேவையில்லை என்பது என் கருத்து. எடை குறைந்துகொண்டே போவது, விடாத காய்ச்சல், கருப்பாக மலம் போவது இருந்தால் மட்டும் அரசோ தனியாரோ, உடனே போங்கள்.

அப்புறம், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்பார்கள். 500 மில்லி பாட்டிலில் (5 சதவீதம்) இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் ஆறு டீஸ்பூன், அவ்வளவுதான்.