தாழ்ப்பாளில் விழும் பழி

கேள்வி: எட்டுச் செயலிகள் கொண்ட எங்கள் அலுவலக மெய்நிகர் கணினியில், எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் லினக்ஸின் ‘பெர்ஃப்’ புரொஃபைலரை ஓடவிட்டேன். ஸ்பின் லொக்கை (ஒரு செயலி கையாளும் தரவை மற்றவை தொடாமல் காக்கும் பூட்டை) விடுவித்து, இன்டரப்டை (ஓடும் வேலையை இடைநிறுத்தும் சமிக்ஞையை) மீண்டும் அனுமதிக்கும் சின்னஞ்சிறு கேர்னல் (இயங்குதளத்தின் கரு) செயற்கூறே அதிக நேரம் எடுப்பதாக அறிக்கை சொல்கிறது. இது உண்மையா? எட்டுச் செயலிகளும் ஒரே டைமரைப் பகிர்ந்துகொள்வதால் வரும் பிழையா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: டைமர் பகிரப்படுவதில்லை. பழைய கணினிகளின் 8254 டைமர் சில்லு எழுப்பும் இன்டரப்ட் ஏதாவது ஒரு செயலிக்கே போய்ச் சேரும். அதை மட்டும் நம்பினால் மற்றச் செயலிகளில் நடப்பது தெரியாது. இன்றைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலி ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு லோக்கல் ஏபிக் டைமர் (தன் இன்டரப்ட் கட்டுப்படுத்தியில் உள்ள டைமர்) உண்டு. அதன் இன்டரப்ட் வரும்போதெல்லாம் புரொஃபைலர் அந்தந்தச் செயலியிலேயே மாதிரி எடுத்து (அக்கணம் ஓடும் செயற்கூறைக் குறித்து), அந்தச் செயலிக்குரிய தாங்ககத்திலேயே (தற்காலிக நினைவிடத்திலேயே) எழுதுகிறது. எட்டும் ஒரே தாங்ககத்துக்கு முண்டியடித்தால், அளக்க வந்த கருவியே நெரிசலை உண்டாக்கிவிடும்.

உங்கள் சிக்கலின் வேர் வேறு. கதவைத் தாழிட்டுக்கொண்டு அறைக்குள் வேலை செய்பவரை, வெளியே நிற்கும் மேற்பார்வையாளர் கதவு திறக்கும்போது மட்டுமே காண்கிறார். அப்போதெல்லாம் உள்ளிருப்பவரின் கை தாழ்ப்பாளில் இருப்பதால், நாள் முழுவதும் தாழ்ப்பாளைத்தான் திறந்துகொண்டிருந்தார் என்று எழுதிவைக்கிறார். கேர்னல் இன்டரப்டைத் தடுத்திருக்கும் வேளையில் வரும் டைமர் இன்டரப்டும் இப்படியே காத்து நின்று, தடை நீங்கியதும் உள்ளே நுழைகிறது. லொக்கைப் பிடித்தபடி உள்ளே நடந்த நீண்ட வேலையின் நேரமெல்லாம், தடையை நீக்கிய அந்தச் செயற்கூறின் கணக்கில் ஏறுகிறது. அதைத் திருத்தி எழுத முனைந்து நாட்களை வீணாக்கிவிடாதீர்கள். அதை அழைத்தவர் யார் என்று பாருங்கள்.

செயலியின் சுழற்சி (சைக்கிள்) போன்றவற்றை எண்ணும் வன்பொருள் எண்ணி நிரம்பி வழியும்போது எழும் இன்டரப்டை, தடுக்க முடியாத என்எம்ஐ வகையாக அமைக்கலாம். அது பூட்டிய அறைக்குள்ளும் நுழையும். மெய்நிகர் கணினியில் அந்த எண்ணிகள் கிடைக்காதபோதுதான் பெர்ஃப் டைமருக்கு இறங்குகிறது. ‘பெர்ஃப் ஸ்டாட்’ கட்டளையை இட்டு, ‘சைக்கிள்ஸ்’ என்பதன் எதிரே ‘நாட் சப்போர்ட்டட்’ என்று வருகிறதா எனப் பாருங்கள். வந்தால், எண்ணிகளை உங்கள் மெய்நிகர் கணினிக்குத் திறந்துவிடும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். அதற்கு வழியில்லையெனில், அதே வேலையை நேரடி வன்பொருளில் ஒருமுறை ஓட்டி, இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிடுங்கள். மாதிரி வேகத்தை விநாடிக்கு 100 என்று வைக்காமல் 99 என்று வையுங்கள். 100 என்றால், அதே தாளத்தில் ஓடும் வேறு வேலைகளோடு மாதிரிகள் ஒத்துப்போய்க் கணக்கு சாய்ந்துவிடக்கூடும்.