பல்கணிச் செடியைக் குளிருக்கு உள்ளே எடுப்பதா?

தங்கச்சி, சுவிஸ் பேர்ணில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம். கடையில் வாங்கிய, தாமரை விரிந்த மாதிரி இருக்கும் அந்தச் சதைப்பற்றுச் செடியை உள்ளே எடுப்பதா, பல்கணியிலேயே விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இலையைப் பாருங்கள். இந்த வடிவத்தில் இங்கே இரண்டு சாதி விற்கிறார்கள். இரண்டின் ஊரும் வேறு.

இலை மெல்லிதாக, நுனி கூராக, ஓரத்தில் பொடி மயிரோடு இருந்தால் அது செம்பர்விவம். இங்கத்தைய ஆட்கள் ஹவுஸ்வுர்ஸ் என்பார்கள். அல்ப்ஸ் மலைச் செடி. சுவிஸின் வலே மாநிலப் பக்கம் மலையில் நடக்கப் போனால், மண்ணே இல்லாத பாறை வெடிப்பில் சிலந்தி வலை பின்னியது போல ஒரு வகை ஒட்டிக்கொண்டிருக்கும், பார்க்க அவ்வளவு அழகு! அதைத் தயவுசெய்து உள்ளே எடுக்காதீர்கள். மைனஸ் 20 பாகைக் குளிரையும் தாங்கும். ஹீட்டர் போட்ட அறையில்தான் வெளிச்சம் போதாமல் நீண்டு வெளிறிப்போகும்.

இலை தடிப்பாக, விரல் பட்டால் அழியும் வெள்ளைப் பூச்சோடு இருந்தால் பெரும்பாலும் எச்செவேரியா. அது மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. ஒரு இரவு உறைபனி பட்டாலே இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, பிறகு அழுகிவிடும். ஒக்டோபரிலேயே உள்ளே எடுங்கள். ஆனால் ஹோலுக்குள் வேண்டாம். 5 முதல் 10 பாகை வரை குளிரும் நல்ல வெளிச்சமும் உள்ள இடம்தான் சரி. மாடிப்படி யன்னல் நல்ல இடம், வீட்டு நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு வையுங்கள், சில கட்டடங்களில் விடமாட்டார்கள். குளிர் முடியும்வரை தண்ணீர் மிகக் குறைவாகப் போதும்.

ஈரம் இரண்டுக்குமே பெரிய எதிரி. சாடியில் ஓட்டை கட்டாயம், அடித்தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. கள்ளிச்செடி மண்ணோடு அதேயளவு பொடிக்கல் கலந்து விடுங்கள். பசளை தேவையில்லை என்றே சொல்வேன்.

அப்புறம், செம்பர்விவத்தின் நடுவிலிருந்து தண்டு எழும்பிப் பூத்தால், பூத்த அந்தத் தலை செத்துப்போகும். பயப்படாதீர்கள், அதன் இயல்பே அதுதான். சுற்றிவரக் குட்டிகள் இருக்கும். காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழியில் ஒரு குட்டியை அழுத்தி வையுங்கள், பிடித்துக்கொள்ளும்.