கடலுக்குள் கார் சாவி: முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்

சிட்னியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, லா பெரூஸ் பக்கம் பேர் ஐலண்டில் கரையிலிருந்தே டைவ் போகத் தொடங்கியிருக்கிறேன். என் காருக்கு புஷ் ஸ்டார்ட் திறப்பு. தண்ணிக்குள்ள கொண்டுபோகவும் பயம், காரில விட்டுட்டுப் போகவும் பயம். கூட வாறவர் டயருக்கு மேல வை என்கிறார். கடையில வாட்டர்ப்ரூஃப் பை எடுக்கச் சொல்லினம். என்ன செய்ய?"

டயருக்கு மேல் மட்டும் வேண்டாம் தம்பி. பார்க்கிங்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் கடலைப் பார்க்க வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் குனிந்து டயரைத் தடவுவதை அவன் பார்த்தால் போதும். சர்ஃபர் எப்போது வேண்டுமானாலும் கரைக்கு வந்துவிடலாம், டைவர் அப்படி இல்லை, குமிழி வந்துகொண்டிருக்கும் வரை ஆள் மேலே வரமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் அவன் கையில்.

காரின் பின்னால் ட்ரெய்லர் இழுக்கும் டோ பாரில் மாட்டும் நம்பர் பூட்டுப் பெட்டி கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் உங்களுடையது புஷ் ஸ்டார்ட். சாவி பக்கத்தில் இருப்பதைக் கார் தானாகவே உணர்ந்துகொள்ளும். பின்பக்கம் பெட்டிக்குள் சாவி தொங்கினால், அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம், டிக்கியின் பட்டனை அழுத்தினாலே பல கார்கள் திறந்துவிடும். பெட்டி விற்கிற கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். போதாததற்கு, மலிவுப் பெட்டிகளின் நான்கு நம்பரை விரல் உணர்விலேயே கண்டுபிடித்துவிடலாம். நான் சாவித் தொழில் செய்பவன், என் கடையில் அப்படி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு விற்பதை நிறுத்தினேன்.

அப்புறம் அந்த வாட்டர்ப்ரூஃப் பை. "ஐ.பி. 67" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும். அதற்கு அர்த்தம் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அவ்வளவுதான். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், பன்னிரண்டு மீட்டரில் கரையில் இருப்பதைப்போல் 2.2 மடங்கு. வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டி "பார்த்தீங்களா, சொட்டுகூட இல்லை" என்று விற்பவரிடம், எத்தனை மீட்டர் டைவுக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு மாறும்.

சரி, என்னதான் செய்வது? சாவியின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இது ஒன்றுதான் என் பதில்.

உங்கள் சாவிக்குள் பொத்தான் பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சி.ஆர்.2032. அதே சாவிக்குள் மெல்லிய இரும்புச் சாவி ஒன்றும் ஒளிந்திருக்கும், சின்னத் தாழை நகர்த்தினால் வெளியே வரும். முதலில் இரும்புச் சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, கதவைக் கையால் பூட்டுங்கள். கைப்பிடியில் மூடிக்குள் சாவித்துளை இருக்கும். பேட்டரி இல்லாத சாவி தூரத்திலிருந்து காருடன் பேசாது. கடல் தண்ணீர் பட்டாலும் சர்க்யூட் அரிப்பது வெகுவாகக் குறையும், ஏனென்றால் உப்புத் தண்ணீரைவிட அதற்குள் ஓடும் மின்சாரம்தான் போர்டைத் தின்கிறது. பேட்டரியோடு நனைந்த சாவி கரைக்கு வருவதற்குள் பச்சை பிடித்துவிடும். பேட்டரி இல்லாமல் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பல தடவை பிழைக்க வைத்திருக்கிறேன்.

பேட்டரி இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். பெரும்பாலான புஷ் ஸ்டார்ட் சாவிகளில் பேட்டரி தேவைப்படாத சிப் ஒன்று உண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனிலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுக்கும். சில கார்களில் அந்த இடம் வேறு, கையேட்டில் இருக்கும். வீட்டு வாசலில் ஒரு தடவை செய்து பாருங்கள், கடற்கரையில் பழகாதீர்கள். பலர் அந்தச் சாவித்துளையில் சாவியை ஒருநாளும் திருப்பியதே இல்லை, அது உப்பில் இறுகிக் கிடக்கும்.

பேட்டரி இல்லாத சாவியை டைவுக்கென்றே செய்த கெட்டியான டப்பாவில் போட்டு உங்களோடு கொண்டுபோங்கள். வாங்கியதும் முதல் டைவில் உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் போட்டுப் பாருங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் வரும். டப்பாவை, மிதக்க உதவும் காற்று ஜாக்கெட்டான பி.சி.டி.யின் பைக்குள் சும்மா போடாமல் உள் வளையத்தில் கொக்கியால் மாட்டுங்கள். டார்ச் எடுக்கும்போது சாவியும் சேர்ந்து போன கதைகள் ஏராளம். இரும்புச் சாவியைத் தனியாக வெட்சூட்டின் உள்பையில், கயிறு கட்டி.

கூட வருகிறவருடையது சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்கிற பழைய கார் என்றால் அவருக்கு வேறு வழி உண்டு. 2001 நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவில் விற்ற புதிய கார்களில் இம்மொபிலைசர் (சரியான சிப் இல்லாமல் வண்டியை எடுக்கவிடாத பூட்டு) கட்டாயம், அந்தச் சிப் சாவியின் தலையில் இருக்கும். சிப் இல்லாமல் வெறும் இரும்பில் ஒரு நகல் வெட்டச் சொல்லுங்கள். அது கதவைத் திறக்கும், வண்டியை எடுக்காது. அதனால் தண்ணீருக்குள் தாராளமாகக் கொண்டுபோகலாம், தொலைந்தாலும் வண்டி போகாது. ஆனால் அப்போது அசல் சாவி காருக்குள்தானே இருக்கும்? கண்ணாடியை உடைப்பவன் கையில் அது கிடைத்தால் வண்டியும் போய்விடும், இன்ஷூரன்ஸ்காரர் "நியாயமான கவனம் எடுக்கவில்லை" என்பார். ரிமோட்டால் பூட்டி இரும்பால் திறந்தால் சில கார்களில் அலாரமும் கத்தும். ஆகவே அந்த வழியிலும் அசல் சாவி அவர் உடம்போடு டப்பாவில்தான் இருக்க வேண்டும், நகல் வெறும் அவசரத்துக்கு மட்டும். சிப் இல்லாத நகலுக்குச் சிப் சாவியின் விலையைக் கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒரே சாவியோடு பழைய கார் விற்கும் டீலர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது சாவிக்கு அவர்கள் சொல்லும் விலையில் டைவில் மூச்சு விடும் ரெகுலேட்டர் ஒன்றே வாங்கலாம் போலிருக்கிறது. வாங்கும்போதே பேரம் பேசி வாங்கி, வீட்டில் வையுங்கள். அவசரத்துக்கு இணையத்தில் முதலில் வரும் "மலிவு விலைப்" பூட்டுக்காரரைக் கூப்பிடாதீர்கள், அது பெரும்பாலும் கால் சென்டர், வருகிறவர் டிரில்லை எடுத்த பிறகுதான் உண்மையான ரேட்டைச் சொல்வார். நியூ சவுத் வேல்ஸில் பூட்டுக்காரருக்கு உரிமம் கட்டாயம், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், சாவி தொலைந்த நேரத்தில் உங்கள் போனும் காருக்குள்தான் பூட்டிக் கிடக்கும். வீட்டு நம்பரை மனப்பாடமாகச் சொல்ல முடியாது என்றால் தண்ணீருக்குள் எழுதிக் காட்டும் ஸ்லேட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.